பிரிட்டனில் பென்ஷன் வயது 66-லிருந்து 67: இடையில் மாட்டும் பெண்கள் என்ன செய்யலாம்?

கேள்வி: ஹாரோ வாசகி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பெண்கள் மன்றத்துக்கு வரும் அறுபது தாண்டிய அக்காமார் பலருக்கு ஸ்டேட் பென்ஷன் (அரசு ஓய்வூதியம்) எந்தத் தேதியில் தொடங்கும் என்பதே தெளிவில்லை. 66 என்று நினைத்திருந்தவர்களுக்கு இப்போது 66-உம் சில மாதங்களும் என்று வருகிறது. ஒரு உதாரணம் போடுகிறேன், அதை வைத்தே பதில் சொன்னால் மற்றவர்களுக்கும் உதவும்.

பெண், பிறந்த தேதி 18 ஆகஸ்ட் 1960. கணவருக்கு 71 வயது, வாரம் 150 பவுண்ட் ஸ்டேட் பென்ஷன். கவுன்சில் வீடு, மாத வாடகை 900. சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. துப்புரவு வேலை பார்த்தவர், முழங்கால் வலியால் நின்றுவிட்டார். என்.ஐ. (நேஷனல் இன்சூரன்ஸ், பென்ஷனுக்கான பங்களிப்பு) பதிவில் 23 ஆண்டுகள்தான் காட்டுகிறது. இரண்டு பிள்ளைகளை இங்கேயே வளர்த்தவர், இப்போது மகளின் 6 வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்.

கேட்க வேண்டியவை: சரியான தேதி எது? அதுவரை வீட்டுச் செலவுக்கு என்ன வழி? விடுபட்ட ஆண்டுகளைக் காசு கட்டி வாங்கலாமா?

---

பதில்: நலன்புரி மேசை

தேதியை முதலில் முடித்துவிடுவோம். 2014 ஓய்வூதியச் சட்டப்படி 6 ஏப்ரல் 1960-க்கும் 5 மார்ச் 1961-க்கும் இடையில் பிறந்தவர்களுக்குத்தான் 66-உம் சில மாதங்களும். ஏப்ரல் 6 முதல் மே 5 வரை பிறந்தவருக்கு 66 வயது 1 மாதம், அடுத்த மாதத்தவருக்கு 2 மாதம் என்று ஏறிக்கொண்டே போகும். ஆகஸ்ட் 6 முதல் செப்டம்பர் 5 வரை என்றால் 5 மாதம். ஆகவே இவருடைய நாள் 18 ஜனவரி 2027. 6 மார்ச் 1961 முதல் 5 ஏப்ரல் 1977 வரை பிறந்த எல்லோருக்கும் நேராக 67. மாதத்தின் 6-ஆம் தேதியில்தான் கோடு விழுகிறது. 5-ஆம் தேதி பிறந்தவருக்கும் 6-ஆம் தேதி பிறந்தவருக்கும் ஒரு மாத வித்தியாசம் வரும் என்பதால், கடவுச்சீட்டில் உள்ள தேதியை வைத்து அரசு இணையதளத்தில் பாருங்கள், வாய்க்கணக்கு வேண்டாம்.

ஐந்து மாதம்தானே என்று விட்டுவிடக் கூடாது. இந்த வீட்டில் அடி விழுவது மனைவியின் பென்ஷன் தள்ளிப்போவதால் மட்டும் இல்லை. 15 மே 2019 முதல், தம்பதியில் ஒருவர் பென்ஷன் வயதை எட்டாவிட்டாலும் புதிதாக பென்ஷன் கிரெடிட் (குறைந்த வருமானமுள்ள பென்ஷன் வயதினருக்கான அரசு உதவி) கேட்க முடியாது. இருவரும் யூனிவர்சல் கிரெடிட்டில்தான் (பென்ஷன் வயதுக்கு உட்பட்டவர்களுக்கான உதவி) இருக்க வேண்டும். அந்த நாளுக்கு முன்பே பென்ஷன் கிரெடிட்டோ பென்ஷன் வயதினருக்கான ஹவுசிங் பெனிபிட்டோ (வாடகை உதவி) தொடங்கி, இடையில் அறுபடாமல் வருபவர்கள் மட்டும் விலக்கு. மனைவியே வயதில் இளையவராக இருக்கும் குடும்பங்கள்தான் நம்மிடம் அதிகம், அதனால் பெண்ணின் பென்ஷன் வயது ஏறும் ஒவ்வொரு மாதமும் முழு வீட்டையும் கீழே இழுக்கிறது.

2025-26 தொகைகளை வைத்து நீங்கள் சொன்ன வீட்டைப் பாருங்கள். யூனிவர்சல் கிரெடிட்டில் தம்பதிக்கான அடிப்படை மாதம் 628.10. வாடகை 900 சேர்த்தால் 1,528.10. கணவரின் வாரம் 150 என்பது மாதம் 650. அதைப் பவுண்டுக்குப் பவுண்ட் கழித்துவிடுவார்கள், மிஞ்சுவது 878.10. பென்ஷனையும் சேர்த்து வீட்டுக்குள் வருவது 1,528.10-தான், வாடகை போக 628.10. இரண்டு பேர் உணவும் மின்சாரமும் எரிவாயுவும் அதற்குள்.

அதே வீடு, மனைவி பென்ஷன் வயதை எட்டிய மறுநாள்: பென்ஷன் கிரெடிட் தம்பதிக்கு உறுதிசெய்யும் தொகை வாரம் 346.60, அதாவது மாதம் ஏறக்குறைய 1,502. வாடகைக்கு ஹவுசிங் பெனிபிட் தனியாக. வித்தியாசம் மாதம் 874 பவுண்ட். ஐந்து மாதத்துக்கு 4,370. 67 வரை காத்திருக்க வேண்டியவருக்குப் பன்னிரண்டு மாதம். கவுன்சில் வீட்டில் ஒரு படுக்கையறை கூடுதலாக இருந்தால் யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகையில் 14 சதவீதம் வெட்டுவார்கள், பென்ஷன் வயதினரின் ஹவுசிங் பெனிபிட்டில் அந்த வெட்டு கிடையாது. அதையும் கணக்கில் சேருங்கள்.

இடைவெளியைக் குறைக்க இரண்டு வேலைகள் உண்டு, இரண்டும் முழங்காலைப் பற்றியவை.

ஒன்று, யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் உடல்நலக் குறைவை இன்றே பதிந்து, டாக்டரிடம் ஃபிட் நோட் (வேலை பார்க்க இயலாது என்ற சான்று) வாங்கிக் கொடுக்க வேண்டும். பிறகு உடல்நலக் கேள்விகளுக்கான யூசி50 படிவம், மதிப்பீடு. வேலைக்கோ வேலைக்கான ஆயத்தத்துக்கோ இயலாது என்று தீர்ப்பானால் மாதம் ஒரு கூடுதல் தொகை (2025-26-இல் 423.27) சேரும். பொதுவாக மூன்று மாதக் காத்திருப்பு உண்டு, அது ஃபிட் நோட் கொடுத்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். "எப்படியும் ஒரு வருஷத்தில் பென்ஷன் வந்துவிடும்" என்று ஃபிட் நோட் வாங்காமல் இருப்பதுதான் அடிக்கடி காணும் தவறு. ஏப்ரல் 2026 முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு இந்தத் தொகை ஏறக்குறைய பாதிதான், மிகக் கடுமையான நிலையில் உள்ளவர்கள் தவிர. எதுவானாலும் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டு, பிப் (உடல் இயலாமைக்கான உதவித்தொகை). இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பிப்பைப் பென்ஷன் வயதுக்கு முன்புதான் முதல்முறையாகக் கேட்க முடியும். அதன்பின் பராமரிப்புத் தேவைக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் மட்டும்தான், அதில் நடமாட்டத்துக்கான பகுதியே கிடையாது. முழங்கால் தேய்ந்து நடக்க முடியாதவருக்கு அந்தப் பகுதிதான் முக்கியம்: 2025-26-இல் வாரம் 29.20 அல்லது 77.05. பென்ஷன் வயதுக்கு முன் கிடைத்துவிட்டால், தகுதி தொடரும் வரை பிறகும் தொடரும். சிரமம் மூன்று மாதமாக இருந்து, இன்னும் ஒன்பது மாதம் நீடிக்கும் என்று இருக்க வேண்டும். தொலைபேசியில் அழைத்த நாளே விண்ணப்ப நாளாகக் கணக்காகும், எனவே முதலில் அழைப்பு, படிவம் பிறகு. படிவத்தில் "கஷ்டப்பட்டு நடப்பேன்" என்று எழுதுவது போதாது. எத்தனை மீட்டர் நடந்ததும் நிற்க வேண்டியிருக்கிறது, எவ்வளவு நேரம் உட்கார்ந்த பிறகு மீண்டும் நடக்க முடிகிறது, அதே தூரத்தை அன்றே இன்னொரு முறை நடக்க முடியுமா என்பதை எழுதுங்கள். 20 மீட்டரும் 50 மீட்டரும் புள்ளிகள் மாறும் எல்லைகள். நம் பெண்கள் வலியைக் குறைத்துச் சொல்லியே பழகியவர்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்குப் பிப்புக்குப் பதில் அடல்ட் டிஸபிலிட்டி பேமென்ட். வயதுக் கட்டுப்பாடு அங்கும் இதே மாதிரிதான்.

---

பதில்: சம்பளப் பதிவேடு

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். என்.ஐ. பதிவைப் பற்றி நான் சொல்கிறேன்.

முழு ஸ்டேட் பென்ஷன் 2025-26-இல் வாரம் 230.25. அதற்கு 35 ஆண்டுகள் தேவை, 10-க்குக் கீழே இருந்தால் எதுவுமே இல்லை. ஓர் ஆண்டின் மதிப்பு வாரம் 6.58. 23 ஆண்டுகளுக்குத் தோராயமாக 151.31. தோராயம் என்று சொல்லக் காரணம், 2016-க்கு முந்தைய ஆண்டுகளைப் பழைய விதி, புதிய விதி இரண்டாலும் கணக்கிட்டு எது கூடுதலோ அதை எடுத்திருப்பார்கள். இணையத்தில் வரும் முன்மதிப்பீட்டையே நம்புங்கள், வகுத்துப் பார்த்ததை அல்ல.

காசு கட்டி ஆண்டுகளை வாங்கலாமா? 2025-26-இல் ஓர் ஆண்டுக்கு 923 பவுண்ட், வாரம் 17.75 வீதம். பொதுவாக மூன்று வருடத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும், பெரும்பாலானவர்களுக்கு நல்ல பேரம். ஆனால் இந்தக் குடும்பத்துக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். கணவரின் 150-உம் மனைவியின் 151.31-உம் சேர்த்தால் 301.31. பென்ஷன் கிரெடிட் அதை 346.60 வரை நிரப்பப்போகிறது, அதாவது வாரம் 45.29 தரும். ஒரு பேச்சுக்கு ஏழு ஆண்டுகளை 6,461 பவுண்ட் கட்டி வாங்கினால் வாரம் 46.06 கூடும், பென்ஷன் கிரெடிட் முழுவதும் போய்விடும். கையில் கூடுவது 77 பென்ஸ். அதோடு பென்ஷன் கிரெடிட் இருப்பதால் தானாக வரும் மற்றவைகளும் ஆட்டம் காணும்: முழு ஹவுசிங் பெனிபிட், கவுன்சில் வரிக் கழிவு, 75-க்குப் பிறகு இலவச டிவி உரிமம். ஏஜென்ட் யாராவது "வருஷம் வாங்கித் தருகிறேன்" என்று கட்டணம் கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

சொந்த வீடு, ஓரளவு சேமிப்பு, பென்ஷன் கிரெடிட்டுக்குத் தகுதி இல்லாத வீடு என்றால் கதை வேறு, அங்கே வாங்குவது பெரும்பாலும் சரி. அப்போதும் அரசின் ஃபியூச்சர் பென்ஷன் சென்டரை அழைத்து, இந்த ஆண்டை வாங்கினால் தொகை ஏறுமா என்று கேட்ட பிறகே கட்டுங்கள். 2016-க்கு முன்பே 30 ஆண்டுகள் சேர்ந்துவிட்ட பலருக்குப் பழைய ஆண்டுகளை வாங்குவதால் ஒரு பென்னிகூடக் கூடாது. கட்டியதைத் திரும்பப் பெறுவது எளிதல்ல. இப்போது ஆறு ஆண்டுகள்தான் பின்னால் போக முடியும். 2006 வரை போக இருந்த சலுகை 5 ஏப்ரல் 2025-இல் முடிந்துவிட்டது.

காசு கட்டாமல் கிடைப்பதை எல்லோருமே முதலில் தேட வேண்டும்.

பிள்ளை வளர்த்த ஆண்டுகள். 1978 முதல் 2010 வரை, 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சைல்டு பெனிபிட் (பிள்ளைக்கான அரசு உதவித்தொகை) வாங்கியவருக்கு ஹோம் ரெஸ்பான்ஸிபிலிட்டீஸ் புரொடெக்‌ஷன் என்று, அந்த ஆண்டுகளைப் பென்ஷனுக்குக் காக்கும் ஒரு பாதுகாப்பு இருந்தது. மே 2000-க்கு முன் சைல்டு பெனிபிட் கேட்டபோது படிவத்தில் என்.ஐ. எண் எழுதாத பெண்களுக்கு அது பதிவில் ஏறவே இல்லை. பெண்கள் மேல் தவறில்லை, சைல்டு பெனிபிட்டுக்கும் என்.ஐ. பதிவுக்கும் இடையிலான இணைப்பு அறுந்துபோனதுதான் பிழை. பதிவைத் திறந்து 1980-கள், 90-களில் "முழுமையில்லை" என்று வரிசையாக வருகிறதா பாருங்கள். பிள்ளை பிறந்த ஆண்டோடு அது தொடங்கினால் சந்தேகமே வேண்டாம், சிஎஃப்411 விண்ணப்பத்தைப் போடுங்கள், இணையத்திலும் செய்யலாம். பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, அப்போதைய முகவரிகள் தேவைப்படும். முழு வரி ஆண்டுக்குத்தான் இது கிடைக்கும். சைல்டு பெனிபிட் கணவர் பெயரில் இருந்தாலும் பரவாயில்லை, அந்த ஆண்டுகளில் அவருக்கே போதுமான என்.ஐ. இருந்தால் மனைவிக்கு மாற்றக் கேட்கலாம், அதே படிவம்தான். பென்ஷன் ஏற்கெனவே வாங்குகிறவர்களும் கேட்கலாம், நிலுவை வர வாய்ப்புண்டு.

பேரப்பிள்ளை. பென்ஷன் வயதை எட்டாத பாட்டி, 12 வயதுக்குட்பட்ட பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டால், வேலைக்குப் போகும் மகளின் சைல்டு பெனிபிட்டோடு வரும் என்.ஐ. கிரெடிட்டைப் பாட்டிக்கு மாற்றலாம். படிவம் சிஏ9176, மகளும் பாட்டியும் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஓர் ஆண்டுக்கான விண்ணப்பத்தை அந்த வரி ஆண்டு முடிந்தபின் வரும் அக்டோபர் 31 கழித்துத்தான் அனுப்பலாம். 2011 ஏப்ரல் வரை பின்னோக்கிக் கேட்கலாம். ஒரு சைல்டு பெனிபிட் கோரிக்கைக்கு ஒரு கிரெடிட்தான், தாத்தாவும் பாட்டியும் ஆளுக்கொன்று கேட்க முடியாது.

இங்கே சறுக்கும் இடம்: மகளுக்கோ மருமகனுக்கோ சம்பளம் அதிகம் என்று சைல்டு பெனிபிட்டே கேட்காமல் விட்டிருப்பார்கள். கோரிக்கையே இல்லாவிட்டால் மாற்றுவதற்கு கிரெடிட் இல்லை. பணம் வேண்டாம் என்று குறித்துவிட்டுக் கோரிக்கையை மட்டும் பதிந்திருக்க வேண்டும். இளம் பெற்றோர் இதைப் படித்தால் இன்றே பதியுங்கள், மூன்று மாதம்தான் பின்னோக்கிப் போகும்.

இன்னொன்று. பென்ஷன் வயதை எட்டும் வரி ஆண்டு கணக்கில் சேராது. இவர் எட்டுவது 2026-27-இல், ஆகவே கடைசியாக எண்ணப்படும் ஆண்டு 2025-26. யூனிவர்சல் கிரெடிட்டில் இருந்தால் அந்த ஆண்டுகளுக்குக் கிரெடிட் தானாக ஏறியிருக்க வேண்டும். ஏறாமல் இருந்தால் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி-க்கு எழுதிக் கேளுங்கள்.

---

ஹாரோ வாசகி

மிக்க நன்றி. காசு கட்டி வாங்கும் கணக்கை யாரும் இப்படிச் சொன்னதில்லை. இரண்டு விஷயம் மிச்சம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடத்தில் துப்புரவு வேலை பார்த்த சிலருக்கு, வேலை பார்த்த ஆண்டுகளே பதிவில் இல்லை. ஏன்? அடுத்து, 1950-களில் பிறந்த பெண்களுக்கு இழப்பீடு வரும் என்று வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. 1960-இல் பிறந்தவர்களுக்கும் உண்டா?

---

பதில்: சம்பளப் பதிவேடு

என்.ஐ. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகப் பார்க்கப்படும், கூட்டிப் பார்க்க மாட்டார்கள். 2025-26-இல் கீழ்வரம்பு வாரம் 125 பவுண்ட். ஒரு வேலையில் 120, இன்னொன்றில் 120 என்று மொத்தம் 240 சம்பாதித்தாலும் இரண்டுமே வரம்புக்குக் கீழே, ஆண்டு ஏறாது. ஒரே முதலாளியிடம் 125-ஐத் தாண்டினால், 242 வரை ஒரு பென்னி என்.ஐ. கட்டாமலே ஆண்டு ஏறும். அந்த ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 என்பதால் 10 மணி நேரம் 122.10, 11 மணி நேரம் 134.31. அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஓர் ஆண்டுப் பென்ஷன் நிற்கிறது. இன்னும் வேலையில் இருப்பவர்கள், ஓர் இடத்தில் ஒரு மணி நேரத்தைக் குறைத்து மற்ற இடத்தில் கூட்டித் தரக் கேளுங்கள்.

வேலையிடப் பென்ஷனிலும் இதே குறை. ஒரு முதலாளியிடம் ஆண்டுக்கு 10,000 தாண்டினால்தான் தானாகச் சேர்ப்பார்கள். 6,240-க்கு மேல் வாங்குகிறவர் எழுதிக் கேட்டால் சேர்க்க வேண்டும், முதலாளியும் தன் பங்கைக் கட்டியாக வேண்டும். கேட்காதவருக்குக் கிடைக்காது.

---

பதில்: பழைய தொழிற்சங்கக்காரர்

இழப்பீடு பற்றி. 1940 முதல் பெண்களுக்குப் பென்ஷன் வயது 60. 1995 சட்டம் அதை 2010-க்கும் 2020-க்கும் இடையில் படிப்படியாக 65 ஆக்கும் என்றது. 2011 சட்டம் அவசரப்படுத்தி, 2018 நவம்பருக்குள் 65, 2020 அக்டோபருக்குள் 66 என்று மாற்றியது. அதனால் சிலருக்கு ஏற்கெனவே தள்ளிப்போனதற்கு மேல் 18 மாதம் வரை கூடிற்று. அறுபதில் நிற்கலாம் என்று வேலையை விட்ட பெண்கள் பலர், பெற்றோரையோ கணவரையோ பார்க்க வேலையை விட்டவர்கள் பலர். மீண்டும் வேலை தேடும் வயதா அது? அந்தக் கோபம் முழுக்க நியாயமானது.

வயதை ஏற்றியது பாகுபாடு என்ற வழக்கு 2019-இல் உயர் நீதிமன்றத்திலும் 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றது. நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளர் பார்த்தது வேறு கேள்வி: பெண்களுக்குச் சொன்ன விதம். 2005 ஆகஸ்டுக்குப் பின் கடிதம் அனுப்புவதில் 28 மாதத் தாமதம், அது நிர்வாகத் தவறு என்று 2021-இல் கண்டறிந்தார். 2024 மார்ச்சில் ஆளுக்கு 1,000 முதல் 2,950 பவுண்ட் வரை பரிந்துரைத்தார். 2024 டிசம்பரில் அரசு மன்னிப்புக் கேட்டது, இழப்பீடு இல்லை என்றது. பரிந்துரையை அரசு ஏற்றே ஆக வேண்டும் என்று சட்டக் கட்டாயம் இல்லை.

அந்தக் கோரிக்கை 6 ஏப்ரல் 1950 முதல் 5 ஏப்ரல் 1960 வரை பிறந்தவர்களுக்கானது. உங்கள் உதாரணப் பெண் அதில் வரமாட்டார். வாட்ஸ்அப்பில் வரும் "இங்கே பதிந்தால் இழப்பீடு" இணைப்புகளில் வங்கி விவரத்தைக் கொடுக்க வேண்டாம். அப்படி விண்ணப்பிக்கும் அரசுத் திட்டம் எதுவும் இல்லை.

---

பதில்: நலன்புரி மேசை

கடைசியாக, ஜனவரி 2027 நெருங்கும்போது செய்ய வேண்டியது. ஸ்டேட் பென்ஷன் தானாக வராது, கேட்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன்பாவது கடிதம் வந்துவிட வேண்டும், வராவிட்டால் காத்திருக்காமல் நீங்களே விண்ணப்பியுங்கள். பென்ஷன் கிரெடிட் தனி விண்ணப்பம், நான்கு மாதம் முன்பிருந்தே போடலாம். ஹவுசிங் பெனிபிட்டும் கவுன்சில் வரிக் கழிவும் கவுன்சிலிடம் தனி விண்ணப்பம். ஒன்றைப் போட்டால் மற்றது வந்துவிடும் என்று இருந்தவர்கள் வாடகைப் பாக்கியில் நிற்கிறார்கள். பென்ஷன் நான்கு வாரத்துக்கொரு முறை, முடிந்த வாரங்களுக்குத்தான் வரும், முதல் தொகைக்கு ஐந்து வாரம்கூட ஆகலாம். யூனிவர்சல் கிரெடிட்டின் கடைசித் தொகையை அதற்காக ஒதுக்கி வையுங்கள்.

ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க: பென்ஷன் கிரெடிட்டில் இருப்பவர் பொதுவாக நான்கு வாரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் அது நின்றுவிடும். நெருங்கிய உறவினர் இறப்பு தொடர்பாக என்றால் எட்டு வாரம் வரை நீட்டலாம், போவதற்கு முன் அல்லது அங்கிருந்தே சொல்ல வேண்டும். ஸ்டேட் பென்ஷன் நிற்காது. ஆனால் இலங்கையிலோ இந்தியாவிலோ நிரந்தரமாகக் குடியேறினால் அந்த ஆண்டுத் தொகையிலேயே உறைந்துவிடும், வருடாந்திர உயர்வு வராது.